உள்ளே மடிந்த பல்

சனிக்கிழமை காலை தாலுகா ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குள் சங்கவி வந்தபோது அவளுடைய இடது கண் பாதி மூடியிருந்தது. தூக்கம் இல்லை. மேலுதட்டில் தொடங்கிய வீக்கம் கன்னம் வழியாக ஏறிக் கண்ணைத் தொட்டிருந்தது.

பதினோரு வயதுப் பெண். அழவில்லை. அழுதால் உதடு இழுபடும், இழுபட்டால் இன்னும் வலிக்கும் என்று தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

அவளுக்கும் சேர்த்து அம்மாவும் அப்பாவும் கத்திக்கொண்டு வந்தார்கள்.

"மாத்திரை மட்டும் குடுங்க டாக்டரம்மா. பல்லத் தொடாதீங்க," என்றாள் அம்மா பவுனு.

"தொடாம? கும்பிட்டுக்கினு உக்காரவா?" என்றார் அப்பா முனிரத்தினம். ஊரை ஒட்டிய ரசாயனக் கம்பெனியில் ஒப்பந்த வெல்டர். மகளின் ஸ்கூல் பையை எதற்கென்றே தெரியாமல் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். "வெளிய பஸ்ஸு நிக்குது. வாங்குன டீ ஆர்றதுக்குள்ள முடிச்சி அனுப்புறாங்க. ஊர்ல எல்லாப் புள்ளைக்கும் பண்ணிட்டாங்க. இவ மட்டும் இன்னா பாவம் பண்ணா?"

"அந்த பஸ்ஸுல இவள ஏத்துனீனா அதே பஸ்ஸுல நீயும் அப்டியே போயிடு. வூட்டுக்கு வராத."

டாக்டர் அருள்செல்வி கையுறையை இழுத்து மாட்டினாள். காரப்பள்ளத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பல்லின் வேருக்கு வைத்தியம் செய்வது அவளுடைய தனிப்படிப்பு.

"சண்டைய வராந்தாவுல வச்சுக்குங்க. இங்க எனக்கு வெளிச்சம் கம்மி, சத்தம் ஜாஸ்தி."

சங்கவி நாற்காலியில் சாய்ந்தாள். மேல் வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல். முன்னாலிருந்து பார்த்தால் கொஞ்சம் தடித்த பல், அவ்வளவுதான். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பின்புறம் பார்த்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி. எக்ஸ்ரேயில் அந்தக் குழியிலிருந்து ஆரம்பித்து, பல்லுக்குள்ளேயே இன்னொரு பல் இறங்கியிருந்தது. உறைக்குள் சொருகிய கத்தி மாதிரி.

"ஆன்ட்டி, எனக்கு ஏன் இப்டி பல்லு?" உதட்டை அசைக்காமலே கேட்டாள் சங்கவி.

"பூரி உப்பி வர்றப்போ விரலால ஒரு குத்து குத்துனா என்ன ஆகும்?"

"அம்மா திட்டும்."

"அதுக்கு முன்னாடி?"

"உள்ள மடங்கிக்கும்."

"அதேதான். உன் பல்லு ஈறுக்குள்ள மெத்துனு வளர்ந்துட்டிருந்தப்போ ஏதோ ஒண்ணு குத்தியிருக்கு. மேல்தோடு உள்ள மடங்கி, அங்கயே ஒரு குட்டிப் பல்லா இறுகிடுச்சு. இப்போ அந்தச் சந்துக்குள்ள கிருமி போய்க் குடித்தனம் பண்ணுது."

"யாரு குத்துனா?"

காரப்பள்ளம் நான்கு வருஷமாகக் கோர்ட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

*

இப்படி ஒரு பல் எந்த ஊரிலும் யாரோ ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும். காரப்பள்ளத்தில் ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. கம்பெனியின் கழிவுக் குளத்துக்கும் ஊரின் கைப்பம்புகளுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு தார் ரோடு.

கம்பெனி அனுப்பிய நிபுணர் வந்து பார்த்தார். இளநீர் குடித்தார். "இது பரம்பரைக் கோளாறு. இங்கே சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள்" என்று எழுதிவிட்டுப் போனார். முனிரத்தினத்துக்கு ஊர் ஆம்பூர். பவுனைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் காரப்பள்ளம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியும்.

அருள்செல்வி வருவதற்கு முன்பு இந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், இந்த மாதிரிப் பல்லுக்கு வைத்தியம் கிடையாது என்று சொல்லிப் பிடுங்கினார்கள். பக்கத்து ஊர்ப் பையன்கள் காரப்பள்ளத்துக்கு 'ஓட்டவாய் ஊர்' என்று பெயர் வைத்தார்கள். பெண்பிள்ளைகள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினார்கள்.

பல் வளரும்போது ஒரு நாளைக்கு ஒரு வரி என்று போட்டுக்கொண்டே வளர்கிறது. அன்றைக்கு உடம்புக்குள் போனது அந்த வரியில் உட்கார்ந்துகொள்கிறது. இது ரொம்ப காலமாகத் தெரிந்த விஷயம். அந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்து, எந்த மாதத்தில் எந்த ரசாயனம் உள்ளே போனது என்று சொல்லும் கருவி வந்ததுதான் புதுசு. வெளிப்பல்லில் எச்சிலும் டீயும் பேஸ்ட்டும் பட்டு ரசாயனம் கரைந்துவிடும். வரிகள் மட்டும் மிஞ்சும். உள்ளே மடிந்த பல்லோ மூடி போட்ட டப்பா. உள்ளே போனது அப்படியே இருக்கும்.

கருவி வந்த செய்தி கேட்டதும் பவுனு வீடு வீடாகப் போனாள். டாக்டர்கள் பிடுங்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பல்லை நிறைய வீடுகளில் சாமி மாடத்தில் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கினாள். ஒரே ஊறுகாய் பாட்டிலில் போட்டாள். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த பாட்டில். பல் தொலைந்துவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனமாக இருந்தவளுக்கு, எது யாருடையது என்று பெயர் ஒட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

தீர்ப்பாயத்தில் கம்பெனி வக்கீல் தீனதயாளன் அந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். கிலுகிலுப்பை மாதிரி காதருகே வைத்து ஆட்டினார்.

"எந்தப் பல் எந்தக் குழந்தையின் வாயிலிருந்து வந்தது? இவை வேறு ஏதாவது பல் ஆஸ்பத்திரியில் பொறுக்கியவை இல்லை என்று என்ன நிச்சயம்?"

சாட்சிக் கூண்டில் நின்ற அருள்செல்வி வழி சொன்னாள். "ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த நாளின் வரி, அப்போது வளர்ந்துகொண்டிருக்கும் எல்லாப் பல்லிலும் கறுப்பாக விழும். வாயில் இருக்கும் மற்ற பற்களோடு வரிகளைப் பொருத்திப் பார்த்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடும்."

"கைரேகை ஜோசியம் கேள்விப்பட்டிருக்கிறேன்," என்றார் தீனதயாளன். "இது பல்ரேகை ஜோசியமா டாக்டர்?"

கோர்ட் சிரித்தது. பவுனு சிரிக்கவில்லை. தீர்ப்பாயம் ஒரு விதி போட்டது. வாயில் இருக்கும் பல்லை மட்டுமே சாட்சியாக வாசிப்போம். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் கம்பெனியின் இலவசப் பல் மருத்துவ பஸ் காரப்பள்ளத்துக்குள் வந்து நின்றது. வெள்ளை பஸ். பக்கவாட்டில் சிரிக்கும் தும்பி படம். உள்ளே இருந்த கருவியின் பெயரும் தும்பிதான். பல்லுக்குள் புகுந்து, மடிந்த பல்லை அரைத்து, தூளை உறிஞ்சி, ஓட்டையை அடைத்துவிடும். வலி போய்விடும். அதோடு சாட்சியும் போய்விடும்.

திங்கட்கிழமை தீர்ப்பாயத்தின் வாசிப்புக் கருவி மாவட்டக் கோர்ட்டுக்கு வருகிறது. காரப்பள்ளத்துப் பிள்ளைகளின் வாயில் தும்பி தொடாத மடிந்த பல் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதில் சீழ் வைத்திருந்தது.

*

"என்ன அருள், இன்னும் கையாலதான் தோண்டிட்டிருக்கியா?"

ஜெயந்த். பஸ்ஸின் டாக்டர். காலேஜில் ஒரே வகுப்பு, இவளைப் பார்த்து எழுதிப் பாஸானவன். சட்டைப் பையின் மேல் தும்பி.

"இங்க உனக்கு என்ன வேலை?"

"வராந்தாவுல இவங்க போடற சத்தம் பஸ் வரைக்கும் கேக்குது. குழந்தையைக் குடு. கண்ணுகிட்ட போயிடுச்சு, தெரியுதில்ல?"

"தும்பியால உள்பல்லை அரைக்காம முழுசா எடுக்க முடியுமா?"

"எதுக்கு? அரைக்கும், உறிஞ்சும், அடைக்கும். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"உறிஞ்சினது எங்க போகுது?"

"வேஸ்ட் டேங்க்."

"டேங்க் எங்க போகுது?"

ஜெயந்த் புன்னகை செய்தான். "கம்பெனி எரிகலனுக்கு. மருத்துவக் கழிவை எரிக்கணும்னு சட்டம் இருக்கு மேடம்."

"ஒரு வருஷமா ஒரு ஊரோட சாட்சியை எரிச்சிட்டு வந்து எனக்குச் சட்டம் சொல்றியா?"

"சாட்சி கீட்சி எனக்குத் தெரியாது. என்கிட்ட வர்றது பேஷண்ட். வலின்னு வருது, வலியில்லாம போகுது. இதோ, வலியில துடிக்கிற குழந்தைய திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருக்கணும்னு சொல்றது யாரு? நானா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவளுக்குக் கோபம் பொங்கியதே அதனால்தான். விஷத்தைக் கொட்டியவன் மருந்து வண்டியோடு வருவான். மருந்து வேண்டாம் என்று சொல்பவள் அரக்கியாகிவிடுவாள். எவனோ ஒருவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

முனிரத்தினம் மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். "போதும்மா. நான் கூட்டினு போறேன்."

பவுனு வாசலை மறித்தாள். அவர் அவளைத் தள்ளவில்லை. தள்ளியும் இருப்பார். அதற்குள் ஜெயந்த் வாயைத் திறந்தான்.

"வாங்கண்ணே. நல்ல முடிவு. உங்க கேட் பாஸ் வேற இந்த மாசம் புதுப்பிக்கணும்ல? நானே ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

முனிரத்தினம் நின்றார்.

"இன்னா சொன்ன?"

"உங்க நல்லதுக்குத்தான்..."

"எம்பொண்ணு மூஞ்சி வீங்கிக் கெடக்குது. நீ பாஸு பத்திப் பேசுற. அவ பல்லுக்கு வந்தியா, என் வாய அடைக்க வந்தியா?" ஸ்கூல் பையைக் கழற்றித் தரையில் போட்டார். "போய் ஒன் பஸ்ஸுல குந்து. போ. இல்லனா ஒனக்கும் ஒரு பல்லு உள்ள மடங்கிக்கும்."

ஜெயந்த் போனான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான். அந்த மரியாதைகூட எரிச்சலாக இருந்தது.

"டாக்டரம்மா, நீங்களே பாருங்க," என்றார் முனிரத்தினம்.

"இப்பவே திறந்தாகணும்," என்றாள் அருள்செல்வி.

"திங்கக்கெழம காத்தால வரைக்கும்னா..." பவுனு இழுத்தாள்.

அருள்செல்வி வெடித்தாள். "திங்கட்கிழமை வரைக்கும் இவ கண்ணு தாங்காது! கேசுல ஜெயிக்க பொண்ணைக் குருடாக்குவீங்களா?"

"எனக்கு மட்டும் நோவலியா?" பவுனின் குரல் உடைந்தது. ஆனால் கண்ணில் நீர் இல்லை. "இவ மொனகுனத ராத்திரி பூரா கேட்டவ நான். பக்கத்து வூட்ல ஒருத்தி முழுகாம இருக்கா. அதே பம்புத் தண்ணிதான் குடிக்கிறா. இந்தப் பல்லும் தூளாப் போச்சுனா அவ புள்ளைக்கு யாரும்மா பேசுவா? நீங்க பேசுவீங்களா? ஒங்களப் பாத்தும்தான சிரிச்சாங்க?"

நாற்காலியிலிருந்து சின்னக் குரல் வந்தது.

"அது என் பல்லுதான? என்னிய யாருமே கேக்கல."

அருள்செல்வி குனிந்தாள். "சரி. கேக்கறேன். சொல்லு. என்ன வேணும்?"

"வலி போவணும்." சங்கவி மூச்சு வாங்கினாள். "ஆனா தும்பிக்குத் தரக் கூடாது. ரெண்டும் வேணும்."

ரெண்டும் வேணும். கடையில் இரண்டு ஐஸ்கிரீமைக் காட்டிக் கேட்பது மாதிரி. அருள்செல்வி மறுபடியும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கினாள். உள்பல்லுக்கும் வெளிப்பல்லுக்கும் நடுவே சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு. உயிருள்ள சதை. இரண்டு பற்களும் ஒட்டியிருந்தது ஒரே இடத்தில், மேலே அந்தக் குழியின் விளிம்பில்.

"விளிம்பை மட்டும் வட்டமா அறுத்தா..." என்றாள் தனக்குத்தானே.

"பைப்புக்குள்ள பைப்பு. வாய்ல மட்டும் வெல்டு," என்றார் முனிரத்தினம் எக்ஸ்ரேயை எட்டிப் பார்த்து. "வெல்ட அறுத்தா உள் பைப்பு முழுசா வந்துரும். அதானே?"

"உடையாம இருந்தா வந்துரும். வெளிப்பல்லும் பிழைச்சுக்கும்."

"வந்து இன்னா பண்றது?" என்றாள் பவுனு. "வாயில இல்லாத பல்ல கோர்ட்டு ஒத்துக்காதே. வீடியோ எடுக்கலாமா?"

"வீடியோவ இப்போ எவன் நம்புறான்? நீங்க பேசாததை நீங்க பேசற மாதிரி ஸ்கூல் பசங்களே செஞ்சு காட்டுறாங்க. வீடியோ வேணாம். திங்கட்கிழமை அவங்க கண் முன்னாடி அதைத் திரும்ப அது இருந்த இடத்துலயே வைக்கிறேன். இந்தச் சாவி வேற எந்தப் பூட்டுலயும் நுழையாது."

*

மரத்துப்போகும் ஊசி போட்டபோது சங்கவி அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். முதலில் ஈறைக் கீறிச் சீழை வெளியே விட்டாள் அருள்செல்வி. நாற்றம் அறையை நிறைத்தது. சங்கவியின் தோள்கள் முதன்முறையாகத் தளர்ந்தன.

பிறகு மைக்ராஸ்கோப். ஆஸ்பத்திரிக்கு யாரோ தானமாகக் கொடுத்த பழசு. ஒரு திருகு லூஸாக இருந்ததால் பவுனு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. வழக்கமான டிரில்லை அருள்செல்வி தொடவில்லை. அது விளிம்பைக் கடித்துத் துப்பிவிடும். தலைமுடியைவிட மெல்லிய அதிர்வு ஊசியை எடுத்தாள். ஒரு அசைவு, ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரு அசைவு, ஒரு சொட்டுத் தண்ணீர்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. முகாம் முடியப்போகிறது என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் இனிமையாகக் கேட்டது.

"டாக்டரம்மா, கை வலிக்கிது," என்றாள் பவுனு.

"எனக்கும்தான். ஆடாதீங்க."

ஒரு இடத்தில் 'கிடுக்' என்றது. அருள்செல்வி லென்ஸில் பார்த்தாள். உடையவில்லை. கழன்றிருந்தது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்து, ஓய்ந்து, ஆஸ்பத்திரி வெறிச்சோடிய பிறகு, இடுக்கியின் நுனியில் அது வெளியே வந்தது. அரிசிக் குருணையை விடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறம். அருள்செல்வி அதை உப்புநீர் இருந்த சின்னக் குப்பிக்குள் விட்டாள். பிறகு சங்கவியின் பல்லில் இருந்த குழிவைக் கழுவி மருந்து வைத்து, எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடிய தற்காலிக மூடி போட்டாள்.

சங்கவி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இத்தினியூண்டா?" மரத்த உதட்டால் சொன்னாள். "இதுக்கா இம்மாம் பெரிய பஸ்ஸு?"

*

திங்கட்கிழமை தீர்ப்பாயத்தில் மின்விசிறிகள் சத்தமாக ஓடின. தீனதயாளனின் கோட்டில் ஒரு மடிப்புகூடக் கலைந்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஜெயந்த் உட்கார்ந்திருந்தான். குனிந்து வக்கீலின் காதில் ஏதோ சொன்னான்.

"கனம் நீதிபதி அவர்களே," என்றார் தீனதயாளன். "தீர்ப்பாயமே போட்ட விதி. பல் வாயில் இருக்க வேண்டும். டாக்டர் கொண்டுவந்திருப்பது குப்பியில் இருக்கிறது. சென்ற முறை ஊறுகாய் பாட்டில். இந்த முறை அளவு குறைந்திருக்கிறது, அதற்கு நன்றி."

சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. நரைத்த தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. "டாக்டர், என்ன சொல்கிறீர்கள்?"

"நான் சொல்லவில்லை மேடம். செய்து காட்டுகிறேன்."

சங்கவி வாயைத் திறந்தாள். வீக்கம் வடிந்து கண் முழுதாகத் திறந்திருந்தது. அருள்செல்வி தற்காலிக மூடியைக் கழற்றினாள். இடுக்கியால் உள்பல்லை எடுத்து வைத்தாள். அது நுழையவில்லை. கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சற்றே திருப்பினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கி நின்றது. வாசிப்புக் கருவியின் கேமரா அதைச் சுவரில் பெரிதாகக் காட்டியது. அறுத்த விளிம்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

சிரித்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள்.

"பல் இப்போது வாயில் இருக்கிறது," என்றாள் அருள்செல்வி.

தீனதயாளன் எழுந்தார். "பொருந்துவது சாட்சியாகாது. தேய்த்துத் தேய்த்து எதையும் எதற்குள்ளும் பொருத்தலாம். ஒரே பல் என்றால் அறுத்த இடத்தில் உள்ளே இருக்கும் வரியும் வெளியே இருக்கும் வரியும் ஒன்றோடொன்று தொடர வேண்டும். காட்டட்டும் பார்க்கலாம்."

ஜெயந்தின் முகத்தில் திருப்தி தெரிந்தது. டிரில் போன இடத்தில் வரி இருக்காது, கருகியிருக்கும். அவன் தும்பியை மட்டுமே பார்த்துப் பழகியவன்.

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "வக்கீல் அவர்களே, தெளிவாகக் கேட்கிறேன். வரிகள் பொருந்தினால், இந்தப் பல் இந்த வாயைச் சேர்ந்ததுதான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?"

"தாராளமாக. வரி பொருந்தினால் அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?"

"பதிவு செய்துகொள்ளுங்கள்."

கருவி முனகியது. சுவரில் வரிகள் தோன்றின, குறுக்கே அறுத்த மரத்தின் வளையங்கள் மாதிரி நெருக்கமாக. உள்பல்லின் வரிகள் விளிம்பு வரை வந்தன. அறுத்த இடத்தைத் தாண்டி, வெளிப்பல்லில் அப்படியே தொடர்ந்தன. நடுவில் ஒரு கறுப்பு வரி. உள்ளேயும் அதே வரி, வெளியேயும் அதே வரி.

"அது அம்மை போட்டப்ப," என்றாள் பவுனு சத்தமாக. "ஒண்ணே முக்கா வயசு. ஒரு வாரம் கண்ணே தொறக்கல."

கருவி அடுத்த படத்தைக் காட்டியது. அம்மைக்குச் சில மாதங்கள் முன்பிலிருந்தே உள்மடிப்பில் ஒரு ரசாயனம். நீதிபதி பெயரை இருமுறை வாசித்தார். அந்தப் பொருளை மாநிலத்தில் ஒரே ஒரு கம்பெனிதான் தயாரித்தது. அந்த வருஷம் கழிவுக் குளம் மூடப்பட்டு முத்திரை வைக்கப்பட்டிருந்ததாகக் கம்பெனியே சத்தியப் பிரமாணம் கொடுத்திருந்தது.

தீனதயாளன் ஒரு நிமிடம் குனிந்து காகிதங்களை அடுக்கினார். நிமிர்ந்தபோது அதே புன்னகை.

"ஒரு குழந்தை. ஒரு பல். அந்தக் குழந்தை அந்த ரசாயனத்தை எங்கே தொட்டதோ, தந்தையே கம்பெனியில் வேலை செய்கிறார், உடுப்பில் கொண்டுவந்திருக்கலாம். ஒரு பல்லை வைத்து ஒரு ஊரையே பாதித்ததாகச் சொல்வது நியாயமா? வேறு பல் இருக்கிறதா? இல்லை. மற்ற குழந்தைகள் எல்லோரும் எங்கள் முகாமில் இலவசமாகக் குணமாகிவிட்டார்கள்."

முனிரத்தினம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். உடுப்பில் கொண்டுவந்தது நானா என்ற கேள்வி அவர் முகம் முழுக்க இருந்தது. அருள்செல்வி தீனதயாளனை முறைத்தாள். இத்தனைக்குப் பிறகும் அந்த மனிதரால் இப்படிச் சொல்ல முடிகிறது. குற்றத்தைத் தூக்கி ஒரு வெல்டரின் சட்டைப் பையில் போட முடிகிறது.

அருள்செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுக்குப் பக்கத்தில் பவுனு எழுந்துவிட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்," என்றாள் நீதிபதியிடம். "வரி பொருந்துனா எந்தப் பல்லு எந்த வாயின்னு ஒத்துக்கலாம்னு இப்ப இந்த அய்யா சொன்னாரே, அத எழுதியாச்சா?"

நீதிபதி பவுனைப் பார்த்தார். பிறகு எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தலையசைத்தார்.

"எழுதியாச்சும்மா."

"ஊர்ப் புள்ளைங்க எல்லாம் வெளிய வேன்ல உக்காந்துனு இருக்குதுங்க. பல்லு பிடுங்குனதுங்க. மத்த பல்லெல்லாம் வாயிலதான் இருக்குது. காய்ச்சல் வரி அதுலயும் இருக்கும்னு டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க. இவ அப்பா எல்லாத்துக்கும் அப்பா இல்ல, எல்லா வூட்டுக்கும் இவரு சட்டையத் தொவைக்கக் குடுக்கல."

ஜெயந்துக்குத்தான் முதலில் புரிந்தது. முன்னால் சாய்ந்து வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தான். தீனதயாளன் திரும்பவில்லை. அவர் பார்வை பவுனின் கையில் இருந்தது.

அவள் துணிப் பைக்குள் கையை விட்டு அந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். நடந்து போய் அவருடைய மேஜையின் மேல் வைத்தாள். உள்ளே பற்கள் ஒன்றோடொன்று உரசி அடங்கின.

"அன்னிக்கு ஆட்டிக் காட்டுனீங்களே அய்யா," என்றாள். "இப்ப ஆட்டுங்க."